என் நாத்தனாரின் சல்லடை

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லு என்று போன வருஷம் யாராவது கேட்டிருந்தால், "நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்திருப்பாள்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு திருதிருவென்று முழித்திருப்பேன். அப்படிப்பட்ட நான் அவளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு ஸ்பேம் ஃபில்டர், குப்பை மெயிலைப் பிடித்து ஒதுக்குகிற புரோகிராம். சிரிக்க வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. கல்யாணப் பேச்சு எடுத்துக்கொண்டு வந்தவர்களை எல்லாம் ஒரே பார்வையில் வாசல் வரை கொண்டுபோய் விட்டவள். எங்கள் வீட்டு மாடி ரூம் அவளுடையது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் ஒரு கற்றாழைத் தொட்டி, மூலையில் மூடியைக் கழற்றிப் போட்ட மூன்று பழைய கம்ப்யூட்டர்கள். பேச்சு கம்மி. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள், அந்த இரண்டும் நறுக்கென்று இருக்கும். நான் அதற்கு நேர் எதிர். எனக்கு மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் பதில்.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. மெத்தையும் தலையணையும் செய்கிற கம்பெனி. அவள் அங்கே பதினோரு வருஷமாக மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறாள். எண்பத்தாறு பேருக்கு வருகிற மெயிலும் முதலில் அந்த மிஷினில் வந்து இறங்கி, பிறகுதான் அவரவர் பெட்டிக்குப் பிரிந்து போகும். பஞ்சுக் கிடங்குக்குப் பின்னால் அதற்கென்று ஒரு சின்ன ரூம். மிஷினுக்குச் சூடு ஆகாது என்று வருஷம் பூராவும் ஏசி ஓடும். அவள் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நான் ஏழு வருஷமாகப் புகார் மேசை. மெத்தை வாங்கியவர்கள் திட்டி எழுதுகிற மெயிலைப் படித்து, உரிய ஆளுக்குத் தள்ளி, "வருந்துகிறோம், ஆவன செய்கிறோம்" என்று பதில் போடுகிற வேலை. என்னைப் போன்ற கோபக்காரியைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் எந்த ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தாரோ தெரியாது.

எங்களுக்குள் ஒரு பழைய வருத்தம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அப்பா ஒரு மாதம் எங்களோடு இருக்கலாம் என்று வந்தார். மாடி ரூமை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். நாத்தனார் ஹாலில் படுத்துக்கொண்டாள். இருபதாவது நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மாமா, எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாள் காலை வண்டிக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாங்கள்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். 'தெரியாமல் கேட்டுவிட்டேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை நான் சொல்லிப் புலம்பாத சொந்தக்காரர் கிடையாது.

சரி, கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் எங்கள் கம்பெனிக்குக் குப்பை மெயில் அடைமழையாகக் கொட்டியது. எண்பத்தாறு பேருக்கும் தினமும் பரிசு விழுந்தது. யார் யாரோ தங்கள் சொத்தை எங்கள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனார்கள். முதலாளிக்கு மட்டும் ஒரு நாளைக்கு முப்பது மெயில், முடி வளர எண்ணெய் வாங்கச் சொல்லி. அவர் தலை பளபளவென்று இருக்கும். யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவருக்கு நிஜமாகவே சந்தேகம். நல்ல மெயில் எல்லாம் இந்த வெள்ளத்துக்கு அடியில் போய்விட்டது. ஒரு பெரிய கடைக்காரர் அனுப்பிய ஆர்டர் மூன்று நாள் எண்ணெய்க்கு அடியில் கிடந்தது. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

முதலாளி நாத்தனாரைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் நாங்கள் எல்லாரும் வேலை பார்ப்பது போல் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"ஒரு மாசம் டைம். அதுக்குள்ள இந்தக் கருமத்தை நிறுத்தணும். இல்லன்னா மெயிலை வெளிக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடுவேன். அப்புறம் அந்த ரூமும் வேண்டாம், மிஷினும் வேண்டாம்."

"நானும் வேண்டாம்," என்றாள் நாத்தனார்.

"நான் அப்படிச் சொல்லல," என்றார் முதலாளி. வேறு மாதிரியும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் காபியைத் தொடவில்லை. "பதினோரு வருஷம். இந்த வயசுல எங்க போய் வேலை தேடுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே கவலைதான். அவள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதற்காக அவள் சோற்றில் மண் விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

முதலில் அவள் ரெடிமேடாகக் கிடைக்கிற ஒரு ஃபில்டரைப் போட்டுப் பார்த்தாள். ஆகாத வார்த்தைகள் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருந்தது. அந்த வார்த்தை இருந்தால் மெயில் குப்பைக்குப் போகும். மெத்தை, படுக்கை, சுகமான தூக்கம், இருவர் படுக்கலாம், பாதி விலை! எங்கள் தொழிலே அதற்கு அசிங்கமாகப் பட்டிருக்கிறது. இரண்டே நாளில் பதினோரு ஆர்டரைத் தூக்கி எறிந்தது. மூன்றாம் நாள் அதைக் கழற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"இப்ப வேற ஒண்ணு போடப் போறேன் அண்ணி. இதுக்கு ஒண்ணுமே தெரியாது, பச்சைக் குழந்தை. நாமதான் கத்துக்கொடுக்கணும். நல்ல மெயில் இருநூறு, குப்பை மெயில் இருநூறு காட்டுற வரைக்கும் வாயே திறக்காது. அப்புறம் ஒவ்வொரு வார்த்தையும் எதுல அதிகமா வந்திருக்குன்னு எண்ணி வச்சுக்கும். புது மெயில் வந்தா, அதுல இருக்கிற வார்த்தைங்க இதுவரைக்கும் யாரோட சகவாசம் வச்சிருந்துதுன்னு பார்த்து முடிவு பண்ணும்."

"அப்ப மெத்தை?" என்று கேட்டேன்.

"நம்மகிட்ட மெத்தை நல்லதுலதான் அதிகம் வரும். தப்பிச்சுக்கும். முடி மாட்டிக்கும்."

"முதலாளி பாவம்," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆனா ஒண்ணு. எல்லாரும் கத்துக்கொடுக்கலாம், மூளை ஒண்ணுதான். ஒருத்தர் குப்பைன்னு சொன்னா அது எண்பத்தாறு பேருக்கும் குப்பை."

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் ஏறவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அவள் பேச ஆரம்பித்தால் பாதியில் என் காது தானாக மூடிக்கொள்ளும். ஆறு வருஷப் பழக்கம்.

திங்கட்கிழமை எல்லார் பெட்டியிலும் இரண்டு புது ஃபோல்டர் முளைத்தது. ஒன்று 'நல்லது', இன்னொன்று 'குப்பை'. முதல் நாளே ஆளுக்குக் குறைந்தது இருபது மெயிலையாவது குப்பையில் போடும்படி மேசை மேசையாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் யோசித்தேன். என்னிடம் 'அப்புறம்' என்று ஒரு பழைய ஃபோல்டர் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரே நாளில் நாத்தனாரிடமிருந்து மூன்று மெயில்: பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள், மதியம் சர்வர் நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மெயில் வந்தால் கண்ணில் படாமல் நேரே 'அப்புறம்' ஃபோல்டருக்குப் போகும்படி செய்து வைத்தேன். தலைபோகிற விஷயம் என்றால் வீட்டில் சொல்ல மாட்டாளா என்ன? அதைத் திறந்து பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு மெயில். அத்தனையையும் மொத்தமாகப் பிடித்து ஒரே இழுப்பில் 'குப்பை'யில் தள்ளினேன். அந்தப் பழைய ஏற்பாட்டை மட்டும் அப்படியே விட்டுவைத்தேன். மற்றவர்கள் இருபதுக்கே முக்கிக்கொண்டிருக்க, கம்பெனியிலேயே முதல் ஆளாக நான் வேலையை முடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.

மறுநாள் முதல் எனக்கு இன்னொரு ருசி கண்டுவிட்டது. என்னைத் திட்டி வருகிற மெயில் ஒன்றா இரண்டா? "உங்கள் மெத்தையில் படுத்த பிறகுதான் தரையின் அருமை தெரிந்தது" என்று ஒருவர். "கம்பி குத்துகிறது. உங்கள் முதலாளியை ஒரு நாள் இதில் படுக்கச் சொல்லுங்கள். எழுந்தால் என்னோடு பேசட்டும்" என்று இன்னொருவர். "கம்பி குத்தி என் புடவை கிழிந்தது, உனக்கெல்லாம் புகார் மேசை ஒரு கேடா?" என்று ஓர் அம்மா. பதில் போடாமல் விடவில்லை, கடமை கடமைதான். "வருந்துகிறோம், ஆவன செய்கிறோம்" என்று மரியாதையாகப் பதில் போட்டுவிட்டு, பிறகு அந்த மெயிலைப் பிடித்து இழுத்து 'குப்பை'யில் போடுவேன். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! இரண்டு வாரத்தில் அறுபத்து நாலு பேரைப் போட்டேன்.

மூன்றாவது வாரம் எண்ணெய் நின்றது. பரிசு நின்றது. முதலாளி ரூமை விட்டு வெளியே வந்து, "இன்னைக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட வரல!" என்று அறிவித்தார். தையல் பிரிவிலிருந்து லாரி ஏற்றுகிறவர்கள் வரை நாத்தனாரின் ரூமுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்குச் 'சல்லடை' என்று பெயரும் வைத்தாயிற்று. கேன்டீனில் அவள் தட்டோடு வந்தால், "சல்லடை வருது, வழிவிடு" என்பார்கள். அவள் சிரித்தாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

என் மேசையிலும் அதிசயம். ஒரு நாளைக்கு நாற்பதாக இருந்த புகார் இருபதாகி, ஐந்தாகி, ஒன்றுமில்லாமல் போனது. மெத்தை திருந்திவிட்டது என்று நான் நம்பினேன். முதலாளி அதற்கு மேல். வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டி, 'இன்று புகார்கள்: 0' என்று எழுத வைத்தார். கேக் வெட்டினோம். அடுத்த திங்கட்கிழமை முந்நூறு ஸ்பிரிங் மெத்தை ஒரே லோடாகப் பெண்கள் விடுதிகளுக்குப் போகிறது என்று சொல்லிவிட்டு, நாத்தனாருக்கு ஒரு துண்டு கேக்கைத் தன் கையால் கொடுத்தார்.

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டில் நாத்தனார் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு எத்தனை புகார்?"

"பூஜ்யம்."

"நேத்து?"

"பூஜ்யம். பலகையில எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?"

"வாரத்துக்குத் தொள்ளாயிரம் மெத்தை விக்கிறோம். ஒருத்தருக்குக்கூட முதுகு வலிக்கலையா?"

"ஊரே சந்தோஷமா இருக்கு. உனக்கு மட்டும் ஏன் வயிறு எரியுது?" என்றேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "எது குப்பை, எது குப்பை இல்லைன்னு விவரமா ஒரு மெயில் அனுப்பினேனே, நாலாம் நாள். அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன், படிச்சேன்," என்று புளுகினேன்.

"என்ன மெயில்?" என்றார் பக்கத்திலிருந்த தையல் மேற்பார்வையாளர். "எனக்கு எதுவும் வரலையே." லோடு அனுப்புகிற அம்மாவும் வரவில்லை என்றார். நாத்தனார் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அவள் வேகமாக நடந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் என்னை அழைத்தாள். ஃபில்டர் தான் பிடித்த மெயிலை அழிப்பதில்லை, முப்பது நாள் ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும். அந்த மூலையை அவள் திறந்து வைத்திருந்தாள். உள்ளே நூற்றெழுபத்து மூன்று புகார்.

அதில் ஐந்து ஒரே ஆளிடமிருந்து. வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு விடுதியின் பொறுப்பாளர். முதல் மெயில்: "ஐயா, எங்கள் விடுதிக்குத் தங்களிடம் வாங்கிய அறுபது மெத்தைகளில் ஒன்பதில் கம்பி வெளியே வந்து குத்துகிறது, தயவு செய்து கவனிக்கவும்." இரண்டாவதில் ஒன்பது பதினாலாகியிருந்தது. ஐந்தாவது இப்படி: "நேற்று ஒரு பெண்ணுக்கு முழங்கையில் மூன்று தையல். நான் இன்னும் மரியாதையாகத்தான் எழுதுகிறேன். படிக்க அங்கே யாராவது இருக்கிறீர்களா?"

படிக்க வேண்டியவள் நான். அந்த ஏசி ரூமில் எனக்கு வியர்த்தது.

"இவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க, இதை ஏன் பிடிச்சுது?" என்று கேட்டேன்.

நாத்தனார் எதையோ தட்டினாள். முதல் மெயிலின் ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரே நூற்றுக்கு எத்தனை குப்பை என்று திரையில் வந்தது. மெத்தை, மூன்று. விடுதி, ஐந்து. குத்துகிறது, தொண்ணூற்றாறு. கம்பி, தொண்ணூற்றெட்டு.

"ஆர்டர் போடறவங்க ஸ்பிரிங் மெத்தைன்னுதான் எழுதுவாங்க. கம்பின்னு எழுதறது குத்து வாங்கினவங்க மட்டும்தான். அந்த மெயிலை எல்லாம் யாரோ குப்பைன்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க." திரையைப் பார்த்தே சொன்னாள்.

"நான்தான்," என்றேன். "திட்டினவங்களை எல்லாம் போட்டேன்."

"தெரியும் அண்ணி."

மணி மூன்று. நாலு மணிக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டு முடிவு சொல்வதாக இருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். "இப்ப போய் இதைச் சொன்னா உன் வேலை போயிடும். சத்தமில்லாம ஃபில்டரைச் சரி பண்ணிடு. நான் உட்கார்ந்து நூத்தி எழுபத்து மூணு பேருக்கும் பதில் போட்டுடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"திங்கட்கிழமை முந்நூறு மெத்தை அதே கம்பியோட போகுது," என்றாள். இரண்டு தாள் அச்செடுத்தாள். சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள். என் கால் தானாக அவள் பின்னால் போனது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "வாம்மா சல்லடை! உன்னையத்தான் கூப்பிடலாம்னு இருந்தேன்."

"புகார் பூஜ்யம் இல்ல சார், நூத்தி எழுபத்து மூணு. ஃபில்டர் முழுங்கிடுச்சு. யார் என்ன கத்துக்கொடுக்கிறாங்கன்னு நான் சரிபார்க்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது." விடுதிக்காரரின் ஐந்து மெயிலும் அச்சடித்த தாளை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் படிக்கப் படிக்க முகம் கறுத்தது. கேக், பலகை, மானம் என்று வரிசையாக எல்லாவற்றையும் இழுத்துக் கத்தினார். "இதுக்கு அந்த எண்ணெயே தேவலாம்! நான் வெளிக் கம்பெனிக்கே கொடுத்துடறேன், நீ..."

"அவ மேல தப்பில்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "என்னைத் திட்டி வந்த மெயிலை எல்லாம் நான்தான் குப்பைல போட்டேன். யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அப்படி ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

"இவங்க ஒருத்தர் போட்டதுலயா இவ்வளவும்?" என்றார் முதலாளி.

நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். பிறகு இரண்டாவது தாளை மேசையில் வைத்தாள். 'கம்பி' என்ற வார்த்தையைக் குப்பை என்று கற்றுக்கொடுத்தவர்களின் பட்டியல் அது. இரண்டே வரி. முதல் வரி, புகார் மேசை, அறுபத்து நாலு மெயில். இரண்டாவது வரி, முதலாளி, ஒன்பது மெயில்.

"ஒன்பதும் தரம் பார்க்கிற சார் வாராவாரம் அனுப்புற ரிப்போர்ட், பழசும் சேர்த்து," என்றாள். "ஒவ்வொண்ணுலயும் நாப்பது இடத்துல கம்பின்னு இருக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நாலு நாலு பக்கம் எழுதுவான்மா அவன்," என்று முனகினார்.

தரம் பார்க்கிறவர் வந்தார். ஒன்பது வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓரத்துக் கம்பி மெலிசாக வருகிறது, மடங்கினால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவர் மொத்தமாகப் பேசி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி திங்கட்கிழமை லோடை நிறுத்தச் சொன்னார். பிறகு என்னிடம் விடுதியின் நம்பரைக் கேட்டு வாங்கி, தானே பேசினார். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அறுபது மெத்தையும் நாளைக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் விழுந்த திட்டு எங்களுக்கே கேட்டது. அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையை வேறு ஒருவர் செய்வதைப் பார்த்தேன்.

போனை வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். "வெளிக் கம்பெனிக்காரன்கிட்ட கொடுத்திருந்தா இந்தப் பேப்பர் எனக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்காது சார். பூஜ்யம்னு மட்டும் வந்திருக்கும்."

"அப்ப நின்னுட்டிருந்தா எப்படி? போய் அதுக்கு மறுபடி பாடம் எடு."

வேலை நிலைத்தது என்பதை எங்கள் முதலாளி அவ்வளவு அழகாகத்தான் சொல்வார். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அன்று மூன்று டம்ளர் காபி குடித்தார்.

தப்பாகக் கற்றுக்கொடுத்ததை மாற்ற ஒரே வழிதான். போட்டவர்களே அந்த மெயிலை எடுத்து 'நல்லது' ஃபோல்டரில் போட வேண்டும். சனிக்கிழமை காலை அறுபத்து நாலு பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாற்றி முடித்தேன். நாத்தனார் என் மேசைக்கு வந்தாள்.

"இன்னும் இருநூத்திப் பன்னெண்டு இருக்கு அண்ணி. அதையும் மாத்தினாதான் என் மெயில் மத்தவங்களுக்குப் போகும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "உனக்குத் தெரியுமா?"

"நேத்து அச்செடுக்கும்போதுதான் பார்த்தேன். முதல் நாள், முதல் ஆள், எல்லாமே நான் அனுப்பினது."

"முதலாளிகிட்ட காட்டின பேப்பர்ல அது இல்லையே?"

"அது வீட்டு விஷயம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தள்ளும்போது ஒரே இழுப்பில் தள்ளியவள், எடுக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்தேன். அதுதான் நியாயம் என்று பட்டது. பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு. சர்வர் நிற்கும். பாஸ்வேர்டு. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மெயிலின் தலைப்பில் 'அண்ணி' என்று மட்டும் இருந்தது. திறந்தேன்.

"அண்ணி, நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. மூணு தடவை உங்க மேசை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். மாமாவைப் போகச் சொல்லி நான் கேக்கல. அவர் கம்ப்யூட்டர் கத்துக்கணும்னு ஆசையா சொன்னார். மாடியில இருக்கிற பழசுல ஒண்ணை அவர் கிளம்புறதுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்தனுப்பணும்னு நினைச்சேன். எத்தனை நாள் இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். கேட்ட விதம் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க. மாமா நம்பர் கொடுத்தா நானே பேசிடறேன். பதில் போடுங்க."

தேதியைப் பார்த்தேன். அப்பா போன மூன்றாம் நாள்.

ஏழு வருஷம் ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட மேசை அது. ஒரு நாளும் நான் அங்கே அழுததில்லை. அன்று அழுதேன். ஆறு வருஷமாக அவள் மன்னிப்புக் கேட்கவில்லை என்று நான் பேசாத வீடில்லை. ஆறு வருஷமாக அவள் என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். காத்துக் காத்து, இவள் மன்னிக்க மாட்டாள் என்று முடிவு செய்துகொண்டு, வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். அந்த மெயிலை இழுத்து 'நல்லது' ஃபோல்டரில் போட்டேன். மீதியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

பதில் எழுதவில்லை. எழுதினால் என் நேரத்துக்கு அதையும் எது எங்கே கொண்டுபோய்ப் போடுமோ? பஞ்சுக் கிடங்கைத் தாண்டி நடக்கும்போதே அப்பாவின் நம்பரைப் போட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை நாத்தனாரிடம் நீட்டினேன்.

"இந்தா. மாமா நம்பர் கேட்டிருந்தியே."

அவள் போனைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அப்பா "ஹலோ" என்றார். இரண்டு தடவை "ஹலோ" என்றார்.

"மாமா, நான்தான்," என்றாள். "எப்போ வர்றீங்க?"

சர்வர் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அப்பாவின் குரல் எனக்கே கேட்டது.

"மாடி ரூம் காலியா இருக்காம்மா?"

"காலி பண்ணிடறேன் மாமா," என்றாள் நாத்தனார். "உங்க கம்ப்யூட்டர் மட்டும் அங்க இருக்கு. சரி பண்ணி ஆறு வருஷமாச்சு."